லிவர்டாக்ஸ்: மருந்தும் கல்லீரலும் பற்றிய இணையக் களஞ்சியம்

அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2012இல் தொடங்கிய லிவர்டாக்ஸ், மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கும் வாய்ப்பை A முதல் E வரையான ஆங்கில எழுத்துகளால் தரப்படுத்திக் கட்டணமின்றி வழங்குகிறது. நான் மிகவும் மதிப்பது பாராசிட்டமால் பற்றிய பகுதியை. அளவு மீறினால், மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் நொதிகள் உருவாக்கும் நாப்கி (NAPQI) என்னும் நச்சு வளர்சிதைப்பொருள், அதை முறியடிக்கும் குளுட்டாதயோன் என்ற சேர்மத்தின் இருப்பு தீர்ந்ததும் கல்லீரல் செல்களின் புரதங்களோடு பிணைந்து அச்செல்களை அழிக்கிறது. உரிய நேரத்தில் தரப்படும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்றுமருந்து அந்த இருப்பை மீட்டு உயிர் காக்கிறது. மிட்செல், ஜோலோ, பிரோடி முதலிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் ஆய்ந்து 1973இல் வெளியிட்ட கட்டுரைகளே இப்புரிதலுக்கு அடித்தளம். எத்தனை உயிர்களைக் காத்த உழைப்பு அது!

மஞ்சளும் அமுக்கராவும்கூட, பாதிப்புக்குள்ளான நோயாளிகளின் விவரங்களோடு இடம்பெற்றிருப்பது பாராட்டத்தக்கது. நடை மருத்துவருக்கானது என்பதால், பொது வாசகர் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.