சீசன் டிக்கெட்டா, பஸ் பாஸா? மதுரைக்குப் படிக்க வருபவர்களுக்கு ஒரு கணக்கு

கல்லூரி திறக்கும் மாதம் வந்துவிட்டால் விருதுநகர், திருமங்கலம், சோழவந்தான், மானாமதுரைப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: பிள்ளை தினமும் மதுரைக்கு எதில் போய் வருவது? கல்லூரிக் கட்டணம் ஒருமுறை கட்டுவது. புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது. 2023இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டது. மாதாமாதம் கையைக் கடிப்பது போக்குவரத்துச் செலவுதான். மாணவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய தொகை மிச்சமாகும் இடமும் அதுவே.

நான் விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போய்வந்து முதுகலை படிக்கிறேன். இளங்கலையின் தொடக்கத்தில் பாதிக் கட்டண பஸ் பாஸ் வைத்திருந்தேன். பிறகு ரயில் சீசன் டிக்கெட்டுக்கு மாறினேன். இன்றுவரை அதிலேயே போகிறேன். அதனால் ரயில் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்தாத இடங்களையும் சொல்கிறேன்.

பைக்கை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். விருதுநகரிலிருந்து போக வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியானாலும் தினமும் இரண்டு லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 24 நாள் கல்லூரிக்கு 4,800 ரூபாய். சர்வீஸ், டயர் எல்லாம் தனி. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் பிள்ளை போய்வருகிறான் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதியும் இருக்காது. விடுதியும் அறை எடுத்துத் தங்குவதும் வேறு கணக்கு. அவை படிப்பையும் வீட்டுச் சூழலையும் பொறுத்தவை. சலுகையைப் பொறுத்தவை அல்ல.

மீதமிருப்பவை பஸ்ஸும் ரயிலும்.

அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் இலவச பஸ் பாஸ் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. வாசலில் பஸ் வருகிறது, செலவு கிடையாது. தனியார் கல்லூரி மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணப் பாஸ்தான். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் டிக்கெட்டே தேவையில்லை. திருமங்கலத்திலிருந்து பெரியார் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ்ஸில் வரும் மாணவிக்கு இந்த அலசலே வேண்டாம். விருதுநகர் போன்ற தொலைவிலிருந்து வரும்போதுதான் சிக்கல். புறநகர் பஸ்ஸில் அந்த இலவசம் செல்லாது.

பஸ்ஸின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஒன்று போனால் இன்னொன்று வரும், கல்லூரிக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். ஆனால் நம் பக்கத்துச் சாலைகளில் தனியார் பஸ்கள் நிறைய ஓடுகின்றன, அவற்றில் அரசுப் பாஸ் செல்லாது. காலை எட்டு மணிக்கு முன்னால் வந்து நிற்பது தனியார் வண்டியாக இருந்தால், அடுத்த அரசு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முழுக் கட்டணம் கொடுத்து ஏற வேண்டும். முதல் வகுப்பு தவறக்கூடாது என்று பல நாட்கள் காசு கொடுத்துத்தான் ஏறியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் பாதிக் கட்டணம் என்பது காகிதத்தில் மட்டும்தான் பாதி.

இனி ரயில். மாதாந்தர சீசன் டிக்கெட்டின் விலை 15 ஒற்றைப் பயணங்களை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுவது. 2014இல் அதை 30 பயணங்களாக உயர்த்தும் முடிவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு மாதத்தில் 24 நாள் போய்வந்தால் 48 பயணம். அதற்குச் சாதாரணப் பயணியே 15 பயணத்தின் விலையைத்தான் கொடுக்கிறார். மாணவருக்கு அதிலும் பாதி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. 2020 மார்ச்சில் ரயில்வே பல சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர் சலுகை தப்பியது. மாதத்தில் நான்கைந்து நாள் கல்லூரிக்குப் போனாலே போட்ட பணம் திரும்பிவிடுகிறது. மிச்ச நாளெல்லாம் இலவசம் மாதிரிதான். பொங்கல் விடுமுறை, உள்ளூர்த் திருவிழா, காய்ச்சல் என்று பத்து நாள் போகாவிட்டாலும் மனம் வருந்தாத ஒரே பயணச் சீட்டு இதுதான்.

இன்னொரு சலுகை இருக்கிறது. நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு இது தெரியவே இல்லை. பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பையன்களுக்கும், வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் முற்றிலும் இலவசம். பி.காம். படிக்கும் என் தங்கை அப்படித்தான் வருகிறாள். அவளுடன் படிக்கும் மாணவிகள் சிலர் முழுக் கட்டணத்துக்கு சீசன் எடுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு எனக்கு மனம் பொறுக்கவில்லை. தையல் வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகும் அம்மாக்களின் காசு அது.

விலையில் ரயில் வெல்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியதுதான். ஆனால் நான் மாறியதற்கு விலை மட்டும் காரணமில்லை. மாணவர் சலுகைகளை ஒப்பிடும்போது எல்லோரும் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: இந்தச் சலுகையை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக்கு எத்தனை முறை, எந்தெந்த வாசலில் போய் நிற்க வேண்டும்?

ஒரு சலுகைக்கு மூன்று இடங்களின் தயவு வேண்டும். கல்லூரி அலுவலகம் சான்று தர வேண்டும், முதல்வர் கையெழுத்திட வேண்டும், பாஸ் கொடுக்கும் இடத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்று தாமதமானாலும் அந்த நாட்களுக்கு முழுக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். பஸ் பாஸ் வைத்திருந்த காலத்தில் நான் மாதாமாதம் இந்தச் சுற்றில் இருந்தேன். முதல்வர் கூட்டத்துக்குப் போயிருப்பார். அலுவலக உதவியாளர் விடுப்பில் இருப்பார். பாஸ் தரும் இடத்தில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் சில நாட்கள் பாஸ் இல்லாமலே கழியும். அந்த நாட்களின் டிக்கெட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று நினைத்ததில் ஒரு நல்ல பங்கு போயிருக்கும். மதியம் வரிசையில் நின்றதால் போன ஆய்வக வகுப்பை யார் கணக்கில் சேர்ப்பது? இது என் அனுபவம். வேறு ஊர்ப் பணிமனைகளில் வேலை சுறுசுறுப்பாக நடக்கலாம்.

சீசனுக்கும் சான்று வேண்டும். அந்தச் சான்றுப் படிவம் கல்லூரி தானாக அச்சிட்டுக் கொடுப்பதல்ல. ரயில்வே கோட்ட அலுவலகம் கல்லூரிக்குப் புத்தகமாகக் கொடுப்பது. பெயர், வயது, எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, என்ன படிப்பு என்று நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. ஒருமுறை நிலையத்தின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தார்கள். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, திருத்திய இடத்தில் முதல்வர் கையெழுத்து எங்கே?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அதே இடத்தில் சிறு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போனதும் மறுபேச்சில்லாமல் சீட்டுக் கிடைத்தது.

கெடுபிடி இரண்டிலும் உண்டு. ரயிலில் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சந்தித்தால் போதும். பாதிக் கட்டண சீசனை மூன்று மாதத்துக்குச் சேர்த்தே எடுக்கலாம். மூன்று தனித்தனி மாதச் சீட்டுகளைவிட அதன் விலையும் சற்றுக் குறைவு. பழைய சீட்டு முடிவதற்குச் சில நாள் முன்பே புதியதை எடுத்துவிட்டால் இடைவெளியே விழாது. தங்கையின் இலவசச் சீட்டு மாதச் சீட்டுதான். அதனால் அவளுக்குக் காசு மிச்சம், அலைச்சல் அதிகம். அவளும் அவளுடைய தோழிகளும் சேர்ந்து ஒரே நாளில் அலுவலகத்துக்குப் போய்ச் சான்றுகளை மொத்தமாக வாங்கி வந்துவிடுகிறார்கள். அலுவலகத்துக்கும் அது ஒரே வேலையாக முடிந்துவிடுகிறது.

மூன்று மாதச் சீட்டில் ஒரு கவனம் வேண்டும். கையில் காசு இருக்கும் நாளில் எடுக்காமல், கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து எடுங்கள். முதல் பருவம் ஜூன் நடுவில் தொடங்கினால், அன்றே எடுக்கும் சீட்டு செப்டம்பர் நடுவரை வரும். அதன் பிறகு நவம்பரில் தேர்வு முடியும்வரை மாதச் சீட்டு போதும். அப்போதும் மூன்று மாதச் சீட்டே எடுத்தால் கடைசிப் பகுதி விடுமுறையில் வீட்டில் தூங்கும். இரண்டாம் பருவத்திலும் இதே வழிதான், டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. முன்பணம் ஒரே நேரத்தில் போகும் என்பது ஒரு குறைதான். ஆனால் தொகை சிறியது.

விதிகளில் சிலவற்றை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள். மாணவர் சீசனுக்கு வயது வரம்பு பொதுவாக 25. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 27. ஆய்வு மாணவர்களுக்கு 35. சீசன் வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. சூப்பர் ஃபாஸ்ட் ரயிலில் போக வேண்டுமானால் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். சீட்டைத் தொலைத்தால் மாற்றுச் சீட்டு கிடையாது; அடையாள அட்டையோடு சேர்த்து உறைக்குள் வைத்துக்கொள்வதுதான் வழி. சட்டைப் பையில் வைத்து சலவைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ரயில் எங்கே தோற்கும்? மேலூர், நத்தம், பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயிலே கிடையாது. அவர்கள் பஸ்ஸில்தான் வர வேண்டும், அதனால் பஸ் பாஸின் கெடுபிடி குறைய வேண்டும் என்று மற்ற யாரையும்விட அதிகமாகக் கேட்கும் உரிமை அவர்களுடையது. தேனிப் பாதை இன்னொரு சிக்கல். 2010இல் மூடிய மீட்டர் பாதை அகலப் பாதையாகி 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் ரயில் வந்தது, எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பாதையின் தினசரிப் பயணிகள் ரயில் காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்பும்படி அமைந்தது. மதுரையிலிருந்து தேனிக்குப் படிக்கப் போகிறவருக்கு அது வாய்ப்பு. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிறவருக்கு எதிர்த்திசை. மானாமதுரைப் பாதையில் நான் தொடர்ந்து போய்வந்ததில்லை. அங்கே காலை நேர வசதியை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பாதையில் முன்பு கிராசிங்குக்காகத் திருமங்கலத்தில் நிறுத்திவிடுவார்கள். எதிர் வண்டி வந்து கடக்கும்வரை ஜன்னல் வழியே சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். திருமங்கலம்–மதுரை இடையே இரண்டாவது பாதை 2024இல் முடிந்த பிறகு அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் உடனே வராது. காலை எழுந்திருப்பதில் ஒழுங்கு இல்லாதவர்களுக்கு பஸ்தான் உதவும்.

இறங்கிய பிறகு கல்லூரி எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொறியியல் படிக்கத் திருப்பரங்குன்றம் வருகிறவர்கள் அங்கேயே நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறினால் போதும். கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் என்றால் மதுரை சந்திப்பில் இறங்கி பெரியார் நிலையத்துக்கு நடந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். என் தங்கைக்கு அதுவும் இலவசம், எனக்கு டிக்கெட். அதைச் சேர்த்தும் பஸ் பாஸைவிட எனக்குக் குறைவாகவே ஆகிறது. நாகமலை புதுக்கோட்டை தாண்டி பல்கலை நகர்வரை போகிறவர்களுக்கு இந்த இரண்டாம் கட்டப் பயணம் நீளம். அவர்கள் நேரத்தையும் காசையும் எழுதிக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அங்கே பஸ் முந்தினால் எனக்கு வியப்பில்லை.

பாட்டுச் செயலி, மடிக்கணினி, மென்பொருள் என்று மாணவர் தள்ளுபடிகள் இன்னும் பல இருக்கின்றன. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் சில மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கும், அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவை வாங்கினால்தான் தள்ளுபடி. பயணம் அப்படியல்ல, தினமும் செய்தே ஆக வேண்டிய செலவு. அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

சேர்க்கை முடிந்த வாரத்திலேயே அலுவலகத்தில் கேளுங்கள்: ரயில்வே சலுகைச் சான்றுப் புத்தகம் இருக்கிறதா, படிவங்கள் மீதம் இருக்கின்றனவா? இல்லை என்றால் கல்லூரி கோட்ட அலுவலகத்துக்கு எழுதி வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். வகுப்புத் தோழர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து கடிதம் கொடுங்கள்.