ஆறாம் தரம்: தேர்ச்சி அறிக்கையா, விடைத்தாளா?

முதலாம் தவணை முடிந்து மகள் கொண்டுவந்த தேர்ச்சி அறிக்கையில் கணிதம் 52, வகுப்பில் 23ஆம் இடம். வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும்போதே அழுதிருக்கிறாள். எல்லாப் பாடத்தையும் ஒரே பார்வையில் காட்டுவது அறிக்கைதான், சரி. ஆனால் இடம் என்பது மற்றப் பிள்ளைகளைப் பொறுத்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து வந்தவர்கள் நிறைந்த வகுப்பில் 23 என்பது எதைச் சொல்லும்?

விடைத்தாளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. பின்னக் கணக்குகள் அத்தனையும் சரி. மீற்றரைச் சென்ரிமீற்றராக மாற்றிய இடமெல்லாம் 100க்குப் பதில் 10ஆல் பெருக்கியிருந்தாள். ஒரே பிழை, ஐந்து தடவை! அன்றிரவு தையல் நாடாவைத் தரையில் விரித்து அரை மணி நேரம் இருந்தோம், தெளிந்துவிட்டது.

ஐந்தாம் தரம் வரை சுற்றாடல் என்று ஒன்றாகப் படித்தது, இப்போது விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று தனித்தனி ஆசிரியர், தனித்தனிக் கொப்பி. பழக நாளாகும், பாவம் பிள்ளைகள்.

என் தெரிவு விடைத்தாள்தான். அறிக்கையை அடுத்த தவணைப் புள்ளியோடு ஒப்பிட எடுத்து வையுங்கள். பெற்றார் கூட்டத்தில் "ஏன் 23?" என்று கேட்காமல், "ரீச்சர், எந்தப் பாட அலகில் தடுமாறுகிறாள்?" என்று கேளுங்கள்.