மீன் தொட்டிக்கு எந்த பம்பு: நீர்மூழ்கியா, வெளிமோட்டாரா, ஏர்லிஃப்டா?

10,000 லிட்டர் தொட்டித் தண்ணீரை மணிக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் தூக்க, கணக்குப்படி 54 வாட் போதும். சிறிய பம்பின் திறன் 35 சதவீதம் என்றால் மின்சாரம் 155 வாட் இழுக்கும். அதே தண்ணீரை 20 செ.மீ. மட்டும் தூக்கினால், கணக்கு வெறும் 5.5 வாட்! தொட்டி, ஃபில்டர், சம்ப் (வடியும் நீர் சேரும் கீழ்த்தொட்டி) மூன்றின் நீர்மட்டங்களை முடிவு செய்த பிறகுதான் பம்பைப் பற்றிப் பேசவே வேண்டும்.

ஏற்றம் 30 செ.மீ.க்குள் அடங்கினால் ஏர்லிஃப்ட்தான். செங்குத்துக் குழாயின் அடியில் ப்ளோயர் (காற்று ஊதும் கருவி) காற்றை விட்டால், குமிழி கலந்த நீர் எடை குறைந்து மேலே ஏறும். குழாயின் மொத்த நீளத்தில் 80 சதவீதமாவது நீருக்குள் இருக்கட்டும், 120 செ.மீ. மூழ்கியிருந்தால் 20 செ.மீ. தூக்குவது எளிது. சுழலும் பாகம் நீரில் இல்லை, மீன் எச்சம் அரைபடாது, உப்புநீர் அரிக்க உலோகமும் இல்லை. தூக்கும்போதே ஆக்சிஜன் ஏறும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆனால் நீர்மட்டத்தை ஒரு சாண் குறைத்தாலே ஓட்டம் படுத்துவிடும். காற்றுத் துளைகளில் சுண்ணாம்பும் பாசியும் படியும். ப்ளோயரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் அதற்குள் இறங்கும்.

நீர்மூழ்கி பம்பை சம்பில் இறக்கினால் வேலை முடிந்தது. பிரைமிங் (ஓட்டும் முன் பம்பில் நீர் நிரப்புவது) தேவையில்லை, சத்தமும் குறைவு. அதன் சூடு முழுக்கத் தண்ணீருக்கே போகும். எண்ணெய் நிரப்பிய வகையில் சீல் கிழிந்தால் எண்ணெய் நேரே மீனிடம் சேரும், அதை வாங்கவே வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் துண்டிப்பான் இல்லாமல் ஓட்டக் கூடாது.

ஏற்றம் ஒரு மீட்டரைத் தாண்டினால், நாள் முழுக்க ஓட, வெளியே வைக்கும் மையவிலக்கு பம்பே என் தேர்வு. அதை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் ஃபுட் வால்வு (நீர் பின்வாங்காமல் உறிஞ்சுகுழாய் முனையில் பொருத்தும் வால்வு) தொல்லை இல்லை. வறண்டு ஓடினால் சீல் கருகும். அதைவிட மோசம், சக்‌ஷன் (உறிஞ்சுகுழாய்) மூட்டில் ஊசிமுனை ஓட்டை: உறிஞ்சப்படும் காற்று அழுத்தத்தில் கரைந்து, மீனுக்குக் குமிழி நோய் (உடலுக்குள் வாயுக் குமிழி உண்டாவது) வரும். பித்தளை இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வேண்டாம், செம்பு மீனுக்கு நஞ்சு.

இந்த இரண்டு மோட்டார் வகைகளும் எச்சத்தை அரைத்துத் தூளாக்கும். தூளை வலையால் பிடிப்பது கடினம். திடக்கழிவு ஃபில்டர் பம்புக்கு முன்னால், நீர் தானாக வழிந்து வரும் இடத்தில் இருக்கட்டும்.

குழாயில் கஞ்சத்தனம் பார்த்தால் நல்ல பம்பும் தோற்கும். மேற்சொன்ன ஓட்டத்துக்கு, 40 மி.மீ. உள்விட்டக் குழாய் 20 மீட்டர் ஓடினால் உராய்வே சுமார் 2.5 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம்; 63 மி.மீ. என்றால் 30 செ.மீ.கூட இல்லை. பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு ஏற்றமே இல்லாத நிலைக்கானது. 20 லிட்டர் வாளியைத் திரும்பும் குழாயில் பிடியுங்கள். 7 விநாடியில் நிரம்ப வேண்டும். 10 விநாடி ஆனால் மணிக்கு 7,200 லிட்டர்தான் ஓடுகிறது.

எதை வாங்கினாலும் ஒரே பெரியதற்குப் பதில் பாதி அளவில் இரண்டு.