ஹட்டன்ல ஒரு லேடீஸ் போடிங், ஒன்றரை வருஷம் இருந்துட்டு எழுதுறேன்

ஹட்டன் இலங்கை மலையகத்துல ஒரு டவுன், போடிங்னா கட்டில் கணக்குல வாடகைக்குத் தங்குற வீடு. மொதல்லயே சொல்லிடுறேன், போடிங் பேரு தெரு எதுவும் போட மாட்டேன், கொறையும் சேத்துத்தான் எழுதப் போறேன், வீட்டுக்கார ஆன்ட்டி நல்ல மனுசி, மனசு நோகக் கூடாது. ஹட்டன் டவுன்ல இருந்து நடந்து போற தூரம்தான், ஆனா ஏத்தம். மழ நேரத்துல ரப்பர் செருப்போட ஏறினா வழுக்கும், நான் ரெண்டு தடவ விழுந்துட்டேன். மூணு ரூம், ஒன்பது புள்ளைங்க, ஒரு குசினி, ரெண்டு பாத்ரூம், அதுல ஒன்னுலதான் சுடுதண்ணி. கட்டிலுக்கு மாசம் 8500, லைட் பில் வேற. சமையல் நாங்களே.

இதுக்கு முன்ன கண்டிப் பக்கம் ஒரு போடிங்ல இருந்தேன், அதச் சொல்லாம இதச் சொல்ல முடியாது. ரூம் இதவிட நல்லம், டைல்ஸ், பெரிய ஃபிரிஜ், ஆளுக்கொரு அலுமாரி. ஏழே மாசத்துல பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். அங்க 14 பேருக்கு ஒரே மீட்டர், வர்ற பில்லத் தலைக்குச் சமமாப் பிரிப்பாங்க. நம்ம நாட்டு லைட் பில் எப்பிடின்னு தெரியும்தானே, யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டோட வெலையும் ஏறிட்டே போகும், மாசம் 180 யூனிட் தாண்டினா உச்ச வெல. ஒருத்தி தனியா 25 யூனிட் பாவிச்சா அடி வெலயோட முடிஞ்சிரும், அதே 25ஐ 14 பேரும் ஒரே மீட்டர்ல பாவிச்சா 350, அதுல 170 யூனிட் உச்ச வெலயில போகுது. இது போதாதுன்னு ஒருத்தி கட்டிலுக்கு அடியில ரைஸ் குக்கர ஒளிச்சு வச்சிருந்தா, இன்னொருத்தி ஈர உடுப்பெல்லாம் அயர்ன் பண்ணியே காயப் போடுவா, எப்பிடியும் பில்லு எல்லாருக்கும் சமம்தானே, அப்ப நான் மட்டும் என்ன மடச்சியான்னு நானும் ஒரு எலக்ட்ரிக் கேத்தல் வாங்கினேன், உண்மையத்தான் சொல்றேன். அடுத்த மாசம் பில்லப் பாத்து எல்லாரும் எல்லாரையும் மொறச்சிக்கிட்டோம்.

சட்டம் இல்லாம இல்ல, செவத்துல பிரின்ட் அடிச்சு 22 சட்டம் ஒட்டியிருந்துச்சு. எழுதினது ஓனரு, அவரு இருக்கிறது கொழும்புல.

ஹட்டனுக்கு வந்தப்ப இங்கயும் அதே கதைதான் ஆரம்பத்துல. நாங்க ஆன்ட்டிகிட்டப் போய்க் கேட்டோம், ரூமுக்கு ஒரு சின்ன மீட்டர் போட்டுத் தாங்கன்னு, அவங்க பாதிக் காசு, நாங்க பாதி. மூணு பேருக்குள்ள கணக்குன்னா யாரு கேத்தல் போட்டான்னு உடனே தெரிஞ்சிரும், அதனாலயே பாதிப் பேரு போடுறதில்ல. மெயின் மீட்டர் இன்னமும் ஒன்னுதான், அதனால வெல பெருசா எறங்கல, ஆனா சண்ட நின்னுச்சு. மத்தச் சட்டமும் நாங்களே போட்டதுதான். ஆன்ட்டி சொன்னது ஒன்னே ஒன்னு, "புள்ளைகளா, நீங்களே பேசி முடிவெடுங்க, எனக்கு அஞ்சாந்தேதி காசு வந்தாச் சரி." மாசத்துல மொத ஞாயித்துக்கெழம காலையில எல்லாரும் குசினியில கூடுவோம், அதுக்குப் பேரு பெரட்டு, தேயிலத் தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடுற கூட்டத்தோட பேரு அது. தோட்டத்துப் புள்ளைங்க அஞ்சு பேரு இருக்கோம்ல, பேரு அப்பிடியே ஒட்டிக்கிச்சு, ரெண்டு சிங்களப் புள்ளைங்களும் இப்ப "பெரட்டு எப்ப"ன்னுதான் கேக்குறாங்க.

குசினிக் கதவுல ஒரு சீஆர் கொப்பி, அதான் பெரிய கணக்கு நோட்டு, நூல் கட்டித் தொங்குது. அதுல என்னென்ன இருக்கும்னா, "பால்மா 2 கரண்டி எடுத்தேன், சனிக்கெழம தாறேன்", அதுக்குக் கீழ செவப்புப் பேனால "எந்தச் சனி?" கேஸ் சிலிண்டர் மாத்தின தேதி, யாரு காசு குடுத்தது, யாரு மிச்சம். ஃபிரிஜ்ல முட்டை மேல எல்லாம் மொதல் எழுத்து எழுதியிருக்கும். வெளி ஆளு பாத்தா இதென்ன இவ்வளவு கணக்குப் பாக்குறாளுகன்னு சிரிப்பாங்க, எங்கூட்டுத் தங்கச்சியும் சிரிச்சா. ஆனா எல்லாம் பொதுன்னு இருந்த கண்டி ஃபிரிஜ்லதான் அழுகின தக்காளியும் யாருதுன்னு தெரியாத சட்டியும் மாசக் கணக்குல கெடந்துச்சு.

இங்க பொது எதுன்னாக்கா அரிசி, பருப்பு, தேங்காய், கேஸ், வெளக்குமாறு, அவ்வளவுதான். சட்டி பொது இல்ல. முஸ்லிம் தங்கச்சி ஒருத்தி இருக்கா, அவ சட்டி கரண்டி தனி ராக்கையில. வெள்ளிக்கெழம விரதம் புடிக்கிறவங்க ரெண்டு பேரு, அவங்களுக்கும் ஒரு தாச்சி தனி. இத யாரும் தப்பா எடுத்துக்கல, மொத நாளே பேசிட்டதால.

சுடுதண்ணிக்கு முறை உண்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம். ஜூலையில ஹட்டன் குளிரு தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பத்து நிமிஷத்தோட அரும தெரியும். தாண்டினா மொத தடவ ஒன்னும் சொல்ல மாட்டோம், ரெண்டாந்தடவ 50 ரூபா உண்டியல்ல, மூணாந்தடவ ஒரு கெழமைக்குப் பாத்ரூம் கழுவணும். என் ரூம்ல ஒரு அக்கா சோசியாலஜி படிச்சவங்க, கரண்ட் போன ஒரு ராத்திரி சொன்னாங்க, எலினோர் ஓஸ்ட்ரம்னு ஒரு அம்மா, 2009ல பொருளாதார நோபல் வாங்கின மொதல் பொம்பள, ஊர் வாய்க்கால், மேய்ச்சல் நெலம், மீன்பிடி இதெல்லாம் சனங்க எப்பிடிப் பொதுவா வச்சு ஆளுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி, பாவிக்கிறவங்களே சட்டம் போட்ட எடமும் தண்டன சின்னதுல ஆரம்பிச்சுப் போற எடமும்தான் நெலச்சு நின்னுச்சுன்னு எழுதியிருக்காங்களாம். அதே அக்காதான் ராபர்ட் ஓவன் கதையும் சொன்னாங்க, பிரிட்டன்ல மில் முதலாளி, 1825ல அமெரிக்காவுல நியூ ஹார்மனினு ஒரு ஊரையே வாங்கி விரும்பினவங்க எல்லாம் வாங்கன்னு கூப்புட்டாரு, ரெண்டு வருஷத்துல கலஞ்சு போச்சு. கண்டி போடிங்கும் அப்பிடித்தான், அட்வான்ஸ் குடுத்தா யாரும் வரலாம். இங்க புதுசா ஒருத்தி வர்றதுன்னா மொதல்ல ஒரு நாள் வந்து சோறு தின்னுட்டுப் போகணும், அப்புறம்தான் பதில்.

இதையெல்லாம் அம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன். அம்மா, "நாங்க 12 குடும்பம் ஒரே பீலியில கொப்பியும் இல்லாம பேனாவும் இல்லாமத் தண்ணி புடிச்சோம், போடி"ன்னாங்க. பீலின்னா எல்லாரும் தண்ணி புடிக்கிற பொதுக் கொழாய், அந்தப் பீலிக்கரைச் சண்டையெல்லாம் அம்மாவுக்கு மறந்து போச்சு போல. தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, 10க்கு 12 அடி காம்பராவுல (ரூம்ல) வரிசையா குடும்பங்கள வச்சது தோட்டத்த நடத்துன தொரமாரு வசதிக்கு, யாரும் சேந்து வாழணும்னு ஆசப்பட்டுப் போன எடமா லயம்? ஆனா அந்த லயத்துலயும் ஒழுங்கா நடந்தது ரெண்டு இருக்கு, சாவு வீட்டுக்குக் காசு சேக்குற மரண சங்கமும் கோயில் வசூலும். ரெண்டுக்கும் கொப்பி இருந்துச்சு, எங்க தாத்தாதான் எழுதுவாரு. இதச் சொன்னதும் அம்மா பேச்ச மாத்திட்டாங்க.

கொறைன்னா, உடுப்பு காயாது, இஸ்தோப்புல (வராந்தாவுல) ஒரு கொடிதான், ஜூன்ல இருந்து மூணு மாசம் எல்லாம் ஒரு மாதிரி புளிச்ச வாட. வைஃபை பேருக்கு. பெரிய கொற சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போற சீசன், டிசம்பர்ல இருந்து மே மாச வெசாக் பௌர்ணமி வரைக்கும், ஆன்ட்டி வீட்டு முன் ஹோல்ல மலைக்குப் போற சொந்தக்காரங்கள தங்க வைப்பாங்க, விடியச் சாமம் ரெண்டு மணிக்குப் பாத்ரூம்ல க்யூ. அவங்க பெரட்டுக்கும் வர மாட்டாங்க, உண்டியல்லயும் போட மாட்டாங்க. நாலு தடவ சொல்லிட்டோம், ஆன்ட்டி சிரிச்சிட்டு பிளேன்டீ ஊத்தித் தாறாங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். தனியா, அமைதியா இருக்கணும்னா இது சரி வராது. அடுத்த மாசம் ஒரு கட்டில் காலியாகுது, நடு ரூம், ஜன்னல் பக்கம். வர்றவங்க கம்பளி சொந்தமாக் கொண்டு வாங்க, சாப்பிட வர்ற நாள் ஞாயித்துக்கெழமையா இருந்தா நல்லம், அன்னைக்குக் கருவாட்டுக் கறி.