கடைசி சீசன்: வாரா வாரமா, ஒரே மூச்சிலா?

பிடித்த அறிவியல் புனைவுத் தொடர் முடியப்போகிறது என்றதும் மனசு கனத்துவிடுகிறது. அதை எப்படிப் பார்த்து வழியனுப்புவது?

விமான விபத்தில் தப்பி ஒரு தீவில் சிக்கிக்கொண்டவர்களின் கதையான அமெரிக்கத் தொடர் 'லாஸ்ட்' 2010-இல் முடியும் என்று 2007-லேயே அறிவித்துவிட்டார்கள். கடைசி சீசன் பிப்ரவரி 2 முதல் மே 23 வரை வாரா வாரம் வந்தது. குகைச் சுவரில் கிறுக்கியிருந்த பெயர்களையும் எண்களையும் ரசிகர்கள் காட்சியை நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். அடுத்த எபிசோடு வருவதற்குள் ஆளுக்கொரு விளக்கம் தயாராகிவிடும். எதிர்பார்ப்பு அப்படி ஏறியதால்தான் ஏமாற்றமும் பெரிதானது. நிறைவு எபிசோடின் முடிவில் கலைஞர்களின் பெயர்கள் ஓடும்போது சேனல் விமானச் சிதைவுகளைக் காட்டியது. 'எல்லோரும் விபத்திலேயே செத்துவிட்டார்கள்' என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். கதை சொன்னது அதுவல்ல. இன்றும் எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

ஜெர்மன் தொடரான 'டார்க்' நேரெதிர். கதைக்குள் பேரழிவு நிகழும் 2020 ஜூன் 27 அன்றே கடைசி எட்டு எபிசோடுகளும் ஒன்றாக வெளியாயின. அந்தத் தேதிப் பொருத்தமே புல்லரிக்க வைத்தது. யார் யாருக்கு என்ன உறவு என்று தாளில் வரைந்துகொண்டு பார்க்கவேண்டிய கதை அது. இடைவெளி விட்டால் நூல் அறுந்துவிடும். ஆனால் இரண்டே நாளில் எல்லாம் தீர்ந்துபோகிறது. முன்பே பார்த்துவிட்டவர்கள் முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

சிக்கலான கதை என்றால் ஒரே மூச்சில் பாருங்கள். பாத்திரங்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்திருந்தால், என் ஓட்டு வாரா வாரத்துக்குத்தான். பிரிவதற்கும் நேரம் வேண்டுமே.