சொக்கெற் ஒன்றுதானே என்று நம்பி வாங்காதீர்கள்

2021 ஆவணியில், ஏ9 வீதியோரத்து வன்னி நகரொன்றில் உள்ள கணினிக் கடையில் என் தொழிலுக்கென ஒரு கணினியைப் பொருத்துவித்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நடந்தது வேறெந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால், எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் விபரமாக எழுதுகிறேன்.

நான் சாமத்திய வீட்டு அல்பங்களும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் வடிவமைப்பவன்; இடையிடையே கலியாண வீடியோத் தொகுப்பும் செய்வேன். அன்றைய என் கைக்காசுக்கு நான்கு கோர் (புரொசசருக்குள் தனித்தனியே கணிக்கும் பகுதி) கொண்ட, இன்டெலின் 10-ஆம் தலைமுறை ஐ3-10100 புரொசசர்தான் கட்டுப்படியாயிற்று. வீடியோ வேலை கூடும்போது புரொசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தாய்ப்பலகை (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பிரதான மின்சுற்றுப் பலகை), ராம், பெட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பதே என் கணக்கு. ஆகவே கடைக்காரரிடம் நான் திருப்பித் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பின்னர் இதில் 11-ஆம் தலைமுறை புரொசசர் வேலை செய்யுமா? சொக்கெற் என்பது தாய்ப்பலகையில் புரொசசர் அமரும் இடம். “அண்ணை, சொக்கெற் ஒண்டுதானே, தாராளமாப் போடலாம், பயப்பிடாதேங்கோ” என்றவர், தன் கைபேசியில் தயாரிப்பாளரின் பக்கத்தைத் திறந்து, அந்தப் பலகைக்குப் பொருந்தும் புரொசசர்களின் பட்டியலில் ஐ5-11400 இருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார். கண்ணால் கண்ட பிறகு என்ன சந்தேகம் என்று 17,500 ரூபாவுக்கு அந்த எச்410 பலகையை வாங்கினேன்.

அடுத்த ஆண்டு ரூபா, டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து சில மாதங்களில் 360 வரை சரிந்தது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டது. அந்தக் காலத்தில் புரொசசரைப் பற்றி யார் நினைத்தார்கள்? 2023 இல்தான் கொழும்பில் ஒருவர் பாவித்த ஐ5-11400 ஒன்றை 42,000 ரூபாவுக்குக் கொடுக்க முன்வந்தார். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். பேருந்துப் பொதியில் அது வந்து சேர்ந்த அன்றிரவே பெட்டியைத் திறந்தேன்.

எனக்கு இன்றும் ஆறாதது அந்த இரவுதான். பழைய புரொசசரைக் கழற்றி, அதன் முதுகில் காய்ந்திருந்த பசையைத் துணியால் துடைத்து வைத்துவிட்டுப் புதியதை வைத்தேன். ஓரத்து வெட்டுகள் இரண்டும் சொக்கெற்றின் இரண்டு மேடுகளிலும் சரியாக அமர்ந்தன. நெம்புகோல் வழக்கமான இறுக்கத்தோடு கீழே இறங்கியது. மின் கொடுத்தேன், விசிறி சுழன்றது, நின்றது, மீண்டும் சுழன்றது, திரை கறுப்பாகவே கிடந்தது. ராமை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், பற்றரியைக் கழற்றிப் பயோஸின் (கணினியை எழுப்பும், பலகையிலேயே பதிந்த மென்பொருள்) அமைப்புகளை அழித்தும் பார்த்தேன். விடிய இரண்டு மணிக்குப் பழைய ஐ3 ஐத் திரும்பப் போட்டபோது, ஒன்றுமே நடவாததுபோல் கணினி எழும்பி நின்றது.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். பயோஸ் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி 3,500 ரூபா வாங்கிக்கொண்டு, ஐந்து நாள் வைத்திருந்து, கடைசியில் “உங்கட புரொசசர்தான் பழுது” என்று கையை விரித்தார்கள். பலகையின் உத்தரவாதத்தைக் கேட்டபோது, சொக்கெற்றை மூடும் கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி எங்கே என்று கேட்டார்கள். அந்த மூடியைப் பொருத்தும் நாளில் கழற்றித் தங்கள் லாச்சிக்குள் போட்டதே அவர்கள்தான். அத்தோடு நில்லாமல், புதிய எச்510 பலகை ஒன்று இருப்பதாகவும், பழையதைக் குறைந்த விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். எனக்கு உறைத்தது அப்போதுதான். கிளிநொச்சியில் நண்பர் ஒருவரிடம் 11-ஆம் தலைமுறையை ஏற்கும் பி560 பலகை இருந்தது. அதில் போட்டதும் பழுது என்று சொல்லப்பட்ட என் புரொசசர் முதல் தடவையிலேயே வேலை செய்தது.

உண்மை இதுதான். இன்டெலின் எல்ஜிஏ 1200 சொக்கெற் 2020 இல் 10-ஆம் தலைமுறையோடு வந்தது. 2021 இல் வந்த 11-ஆம் தலைமுறையும் அதே சொக்கெற்றுக்குரியதுதான். ஆனால் சிப்செற் என்பது பலகையில் புரொசசரையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் சில்லு; எச்410 என்பது அதன் பெயர்தான். 400 வரிசைச் சிப்செற்றுகளில் இசட்490, எச்470 ஆகியவை பயோஸ் புதுப்பித்தலோடு 11-ஆம் தலைமுறையை ஏற்கும்; எச்410 உம் பி460 உம் ஏற்கமாட்டா. எத்தனை தரம் பயோஸை மாற்றினாலும் இது மாறாது, ஏனெனில் தடை சிப்செற்றிலேயே இருக்கிறது. குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே சில தயாரிப்பாளர்கள் பின்னர் எச்410 என்ற அதே பெயரோடு, கடைசியில் ‘வி2’ என்று மட்டும் சேர்த்து, 11-ஆம் தலைமுறையை ஏற்கும் பலகைகளை வெளியிட்டார்கள். கடைக்காரர் அன்று எனக்குக் காட்டியது வி2 இன் பட்டியல். எனக்குத் தந்தது வி2 இல்லாதது. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று முதலில் யோசித்தேன். ஐந்து நாள் வைத்திருந்து 3,500 ரூபா வாங்கிய பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய சிறிய தாளிலும், பலகையின் மூலையில் வெள்ளை மையிலும் முழுப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் செம்மண் புழுதி படிந்து கிடந்த அந்த மூலையை நான் துடைத்துப் பார்க்க இரண்டு வருடம் எடுத்தது. வாங்குமுன் அந்தப் பெயரை ஓர் எழுத்தும் விடாமல் உங்கள் கைபேசியில் நீங்களே தட்டச்சுச் செய்து, தயாரிப்பாளரின் பட்டியலில் எதிர்காலத்தில் போட நினைக்கும் புரொசசர் இருக்கிறதா, எந்தப் பயோஸ் பதிப்பு முதல் என்று பாருங்கள். கடைக்காரரின் கைபேசியில் பார்க்காதீர்கள். பயோஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தால் பழைய புரொசசர் பலகையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். யூபிஎஸ் (மின் நின்றாலும் சிறிது நேரம் மின் தரும் பற்றரிப் பெட்டி) இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது, பாதியில் மின் நின்றால் பலகையே செத்துவிடும்.

இது எச்410 உடன் முடிந்த கதையும் அல்ல. எல்ஜிஏ 1700 பலகைகள் 12 முதல் 14 வரையான தலைமுறைகளை ஏற்கும்; 2024 இல் வந்த இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசைக்குச் சொக்கெற்றே எல்ஜிஏ 1851 ஆகிவிட்டது. ஆகவே எல்ஜிஏ 1700 பலகையைக் காட்டி “இனி வாறதும் இதிலை போடலாம்” என்று எவராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெற், 2017 இன் முதல் ரைசன் புரொசசரிலிருந்து 5000 வரிசை வரை நீடித்தது என்பது உண்மை. அதிலும் முதல் வந்த 300 வரிசைப் பலகைகளுக்கு 5000 வரிசை ஆதரவு 2022 இல்தான் கிடைத்தது.

முறைப்பாடு செய்யலாமே என்று பலர் கேட்டார்கள். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். எனக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்திருந்தது. கடந்திராவிட்டாலும் என்னிடம் இருந்த பற்றுச்சீட்டில் ‘மதர்போட் – 1’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்தப் பலகை, என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு ஓர் எழுத்துச் சான்றும் இல்லை.

ஐ5-11400 ஐ 6,000 ரூபா நட்டத்தில் நண்பரிடமே விற்றுவிட்டு, எச்410 ஏற்கும் ஐ5-10400 ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதுவும் ஆறு கோர்தான், வீடியோ வேலைக்குப் போதுமாயிருக்கிறது. அண்மையில் ஏதாவது கடையில் தாய்ப்பலகை வாங்கியவர்கள் இன்றே பெட்டியை எடுத்து, அதிலுள்ள முழுப் பெயரைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டில் பெயர் இல்லையென்றால், மூன்று மாதம் முடியுமுன் கடைக்குப் போய் எழுதி வாங்குங்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.