தீ அணைந்த குடோன்: சர்வேயர் வரும்வரை தொடாமல் விடுவதா, அன்றைக்கே பிரிப்பதா?

திருப்பூர்ப் பக்கம் துணி குடோனில் தீப்பிடித்தால் எரிந்த ரோலைவிட நனைந்த ரோல்தான் பெரும்பாலும் அதிகம். அதை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி. நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை கை வைக்காதே என்பது ஒன்று. அன்றைக்கே பிரித்து எடு என்பது மற்றது. எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிட்டு மறுநாளே ஷட்டரைத் தூக்குவதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். கிளெய்முக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை.

எந்த வழியானாலும் இன்சூரன்ஸுக்கு உடனே மின்னஞ்சல், காவல் நிலையத்தில் புகார் ரசீது, தீயணைப்புத் துறையின் அறிக்கைக்கு விண்ணப்பம், மின் இணைப்பைத் துண்டித்தல் ஆகியவை வேண்டும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் (டிரஸ்) வளைந்திருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது.

காத்திருப்பதில் ஒரு நியாயம் உண்டு. தீ எங்கே தொடங்கியது என்பதற்குச் சாட்சி சுவிட்ச் போர்டும் உருகிய வயரும்தான். அந்த மூலையை மட்டும் கயிறு கட்டி அப்படியே விடுங்கள். மற்ற இடத்துக்கு நான் பிரிக்கும் கட்சி.

காரணம் சால்வேஜ், அதாவது மிஞ்சிய சரக்கை விற்று மீட்கும் பணம். ஈரப் பருத்தியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கணக்கைப் பாருங்கள்: கிலோ 300 ரூபாய் அடக்கத்தில் 2,000 கிலோ நனைந்தால் 6 லட்சம். காயவைத்து 180க்கு விற்றால் 3.6 லட்சம் மீளும். பூஞ்சை பிடித்து வேஸ்ட் விலை 30க்குப் போனால் 60 ஆயிரம்தான். போனால் இன்சூரன்ஸ்தானே கட்டும் என்று தோன்றும். ஆனால் குடோனில் 40 லட்சம் சரக்கு இருக்க, பாலிசி 25 லட்சத்துக்குத்தான் என்றால் நஷ்டத்தில் 62.5 சதவீதமே கிடைக்கும். முதல் நிலையில் நஷ்டம் 2.4 லட்சம், உங்கள் கையைக் கடிப்பது 90 ஆயிரம். இரண்டாவதில் நஷ்டம் 5.4 லட்சம், கடிப்பது 2,02,500. இது சர்வேயர் எந்தக் குறையும் சொல்லாதபோது! பூஞ்சை உங்கள் அலட்சியம் என்று அவர் எழுதினால் இன்னும் குறையும். சரக்கை இன்சூரன்ஸ் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவும் பாலிசி இடம் தராது. (சொத்து மதிப்பு 5 கோடி வரையுள்ள சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், சரக்கு மதிப்பைவிடப் பாலிசித் தொகை குறைவது 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த விகிதக் கழிவு இல்லை.)

பிரிக்கும் முறை முக்கியம். ரோலை நகர்த்தும் முன் ஒவ்வொரு அடுக்கையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். லாட் அட்டை (சரக்குத் தொகுதி எண் உள்ள சீட்டு) படிக்கும்படி விழ வேண்டும். வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரை வெட்டாத ஒரே வீடியோவும் வேண்டும். "நஷ்டத்தைக் குறைக்கப் பிரிக்கிறோம், எதையும் வெளியேற்றவில்லை" என்று சர்வேயருக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கருகியது, நனைந்தது, புகை மட்டும் பிடித்தது என மூன்று குவியல். ஒவ்வொன்றையும் எடை போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். நனைந்ததில் முதலில் வெள்ளையைத் தனியே எடுங்கள். அடர் நிற ரோலின் சாயம் இறங்கினால் வெள்ளை அதோடு தொலைந்தது. பிறகு சாயப்பட்டறையில் ஹைட்ரோவில் (சுழற்றி நீரை எடுக்கும் மெஷின்) பிழிந்து ட்ரையரில் ஓட்டி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புகை பிடித்த ரோலில் தண்ணீர் படவிடாதீர்கள்.

தையல் மெஷினுக்கு வேறு பக்குவம். ஏபிசி தீயணைப்பான் தூளும், பிவிசி வயர் எரிந்த கரியும் ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். ஈரத்துணியால் துடைக்காமல் வேக்குவமில் உறிஞ்சி, எண்ணெய் தடவி வையுங்கள். கண்ட்ரோல் பாக்ஸை ஆன் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

அழிந்த சரக்கை வாங்கும்போது கட்டி, வரிக் கணக்கில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)(h)படி திருப்ப வேண்டும். காயவைத்து பில் போட்டு விற்றதற்கு அது வராது. இதுவும் பிரிப்பதற்குச் சாதகம்.

இதெல்லாம் துணிக்குச் சொன்னது. மருந்து, உணவு, ரசாயனம் என்றால் ஆட்களை உள்ளே விடாமல் காத்திருப்பதே மேல்.

பிரிக்கும் வழியில் வழுக்கும் இடம் ஒன்றுதான். கருகிய குவியலுக்கு வேஸ்ட் வியாபாரி அன்றே ரொக்கத்தோடு வருவார். சர்வேயர் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு கிலோகூட வெளியே போகக் கூடாது.